என் மூக்கும் ஒரு சிவப்பு வரியும்

மூன்றாவது மாடியில் எவனாவது தப்பாக புரோகிராம் எழுதினால், கீழே டீ குடித்துக்கொண்டிருக்கும் எனக்குக் குமட்டும். இருபத்தெட்டு வருஷம் அந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தேன்.

நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கையில், எங்கள் டீம் லீட் அம்மாள் ஒரு செக்கரைக் கொண்டுவந்தாள். எழுதியதை வெளியே அனுப்புமுன் வரிவரியாகப் படித்து, தப்பைச் சிவப்பில் காட்டும் மென்பொருள். அது பச்சை காட்டிவிட்டால் மனுஷர் யாரும் பார்க்க வேண்டாம் என்பது புதுச் சட்டம்.

"அப்ப என் மூக்கு எதுக்கும்மா?"

"சளி பிடிக்கிறதுக்கு சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கடைசி வாரம் ஒரு ஆஸ்பத்திரியின் வலைப்பக்கம் வந்தது. வழக்கமான மருந்தளவையும், டாக்டர் கூட்டச் சொன்ன அளவையும் நர்ஸ் தட்டினால் மொத்தம் சொல்லும். எழுதியவன் எண்களை எழுத்தாகவே விட்டிருந்தான். பத்தோடு ஐந்தைக் கூட்டச் சொன்னால், இரண்டையும் ஒட்டி நூற்றைந்து என்று காட்டும். அடைத்த சாக்கடையிலிருந்து முடிக்கற்றையை உருவிய மாதிரி இருந்தது எனக்கு.

செக்கரும் அதே வரியைச் சிவப்பில் காட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வரியைப் பார்க்காதே என்று செக்கருக்கு ஒரு உத்தரவைச் சேர்த்தேன். பச்சை வந்தது. தப்பு எது, எந்த வரி என்று எழுதி, தேதி முத்திரை சாட்சியாக இருக்கட்டும் என்று பதிவுத் தபாலில் எனக்கே அனுப்பிக்கொண்டேன். செக்கர் கோட்டைவிட்டதை நான் பிடித்தேன் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

தினமும் சாப்பிட்டுவிட்டுப் புகார் பிரிவுக்குப் போவேன்.

"ஏதாவது வந்துச்சா தம்பி?"

ஐந்தாம் நாள் வந்தது. இதய நோய்க்குச் சேர்ந்திருந்த ஒரு தையல்காரம்மா. நூற்றைந்து ஏறியிருந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த நர்சை நினைத்தால் இன்னமும் அருவருப்பாக இருக்கிறது. மனுஷருக்குக் கண் என்று ஒன்று வேண்டாமா?

விசாரணையில் யாரும் கேட்காமலே, "இந்தத் தப்பை நான் முன்னாலேயே பிடிச்சுட்டேன் சார்" என்று பிரிக்காத கவரை எடுத்து நீட்டினேன்.

"பெரியவர் சும்மா அளக்கிறார் சார்," என்றாள் லீட் அம்மாள். "தெரிஞ்சே யாராவது விடுவாங்களா?"

அதிகாரி கவரைப் பிரித்து அவளிடம் கொடுத்தார். படித்தாள். நான் சேர்த்த உத்தரவையும் அதன் தேதியையும் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உண்மைதான் சார்," என்றாள், என்னைப் பார்க்காமல். "வெளிய போறதுக்கு முந்தின நாளே இவர் பார்த்திருக்கார்."