கரண்டுப் பானை குறித்த என் மன்னிப்புரை

ஆண்டுப் பொதுக்கூட்டத்தை அழகுற நடத்திக்கொண்டிருக்கும் ஸ்பிரிங்வெளி நலன்புரிச் சங்கத்தின் தலைவி விஜயலெட்சுமி அம்மையார் அவர்களே! அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மதுவரி உத்தியோகத்தராக இருந்தும், இன்று அயலவராக மட்டுமே வந்திருப்பதாக எனக்கு உறுதியளித்த நண்பர் றிகாஸ் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டால் போதும் என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. நான் தமிழாசிரியன். இரண்டு வரியில் என்னால் விடுமுறைக் கடிதம்கூட எழுத முடியாது. பொறுத்தருள வேண்டும்.

யார் இந்தத் தர்மராசா? யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதுளையில் படிப்பித்து, பொன்னையா ஐயாவின் வீட்டுப் பின்னறையில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவன். யார் பொன்னையா ஐயா? தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தூசியைச் சுவாசித்தவர். இன்று காற்றைச் சுவாசிக்கவே இயந்திரத்தை நம்பியிருப்பவர். இதோ, முன்வரிசையில், மூக்கில் குழாயும் பக்கத்தில் சிறிய சிலிண்டருமாக அமர்ந்திருக்கிறார். அருகில் அவர் மகள் ஜீவராணி.

வைகாசியில் அந்த ஒட்சிசன் இயந்திரம் வீட்டுக்கு வந்தது. அன்றே ஜீவராணி என் கதவைத் தட்டினார்.

"சார், ஹீட்டர், அயன் பாக்ஸ் ஒன்னும் போட்றாதீங்க. ஒரே வயருதான் ரெண்டு ரூமுக்கும். அப்பா மிஷின் ஓடுது."

"ஓம், ஓம், யோசிக்காதேங்கோ" என்றேன் நான்.

சொன்னேனா? சொன்னேன். மறந்தேனா? மறக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லி இந்த மேடையில் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆவணியில் இலண்டனில் இருக்கும் என் தமையன் ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டிக்குள் ஒரு பானை. முப்பது லீற்றர் கொள்ளும். மூவாயிரம் வாட் குடிக்கும். அடியிலே சூடேறும், அருகிலே குழாய் இருக்கும். மின்கொதிகலம் என்று நான் பெயர் சூட்டினேன். கரண்டுப் பானை என்று நீங்கள் சூட்டினீர்கள். உங்கள் பெயரே நிலைத்துவிட்டது. கூடவே முளைகட்டிய பார்லி, கசக்கும் காய்ந்த பூ, ஈஸ்ட் பொட்டலம். வீட்டுக்குள்ளேயே பியர் காய்ச்சலாமாம்!

என்ன? பின்னால் யாரோ கேட்கிறார்கள், "சட்டப்படி குத்தம் இல்லீங்களா?" குற்றம்தான் ஐயா. ஆனால் ஈஸ்ட் போடும் கட்டத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. அதுவரை அது பார்லிக் கஞ்சிதான் என்று றிகாஸ் அவர்கள் தலையசைக்கிறார். இல்லை, அசைக்கவில்லை. சரி.

ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, வெளியே நல்ல மழை. ஜீவராணி பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தார். மணம் வெளியே போகக் கூடாதென்று யன்னலைப் பூட்டினேன். ஆவி அடைபடக் கூடாதென்று மூடியைத் திறந்தேன். கொதித்தது பானை! கூரைத் தகட்டிலிருந்து சொட்டியது நீர்! சுவரிலிருந்து கழன்றது நாட்காட்டி! கொதிக்கும் கலத்தைக் கண்கொட்டாமல் பார்த்து நின்றேன் நான்.

டப்பென்று கரண்ட் போனது.

ஓடிப்போனேன். ஐயா கட்டிலில் குந்தியிருந்தார். உதடு நீலம். கரண்ட் போனால் கத்த வேண்டிய இயந்திரம், உள்ளிருந்த பெட்டரி செத்ததால், கத்தாமல் கிடந்தது. ட்ரிப் சுவிச்சைத் தூக்கினேன், விழுந்தது. மீண்டும் தூக்கினேன், மீண்டும் விழுந்தது. மூச்சே இல்லாத மனிதர், இருந்த மூச்சைச் சேர்த்து ஒரு சொல் சொன்னார்.

"பானைய... புடுங்குங்க."

படித்தவன் நான், பதில் சொன்னவர் அவர். பிளக் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. துவாயைச் சுற்றிப் பிடுங்கினேன். இந்தக் கைத்தழும்பு அன்று வந்தது. சுவிச்சைத் தூக்கினேன், இம்முறை விழாமல் நின்றது. இயந்திரம் ஓடியது. ஐயாவின் உதட்டில் நிறம் திரும்பும்வரை அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

பியர் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? வீட்டுப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் ஊற்றினேன். மூன்று நாள் எறும்பு.

ஜீவராணி ஓடிவந்து கேட்டது ஒன்றே ஒன்று. "எத்தன நிமிஷம் சார் மிஷின் நின்னிச்சு?"

"இரண்டு நிமிசம். கரண்ட் போன உடனே வந்திட்டன்" என்றேன்.

என் அன்பார்ந்த சபையோரே, இந்தக் கதை இதுவரை உங்களுக்குத் தெரியும். இதற்காகத்தான் தீர்மானம் போட்டீர்கள். ஆனால் ஜீவராணிக்குச் சொன்ன அந்த ஒரு வரி பொய். இரண்டு மாதமாக அதை நான் திருத்தவில்லை. நான் உடனே ஓடினேனா? இல்லை. கொதி அடங்கிவிடுமே என்று மூடியைப் போட்டேன். அடிப்பிடிக்குமே என்று கிண்டினேன். சுவரில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. கேட்டதா? கேட்டது! மணம் அடுத்த அறைக்குப் போய்விட்டது, ஐயா ஏசப்போகிறார் என்று பயந்து, சத்தம் போடாமல் கிண்டினேன். தட்டுவது நின்ற பிறகுதான், இயந்திரத்தின் இரைச்சலும் இல்லை என்பது என் காதில் ஏறியது.

இரண்டு நிமிடம் அல்ல, ஜீவராணி. ஏழு நிமிடம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பொறுங்கள்... ஐயா கையைத் தூக்குகிறார். ஒரு கையில் ஐந்து விரல். மறு கையில் மூன்று. எட்டு என்கிறார்.

ஜீவராணி எழுந்துவிட்டார். "அப்பா! தெரிஞ்சிருந்தும் ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

தயவுசெய்து அமைதி. ஐயாவுக்குச் சத்தம் வராது. அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன்.

"சொன்னா... நீ சார வெரட்டிருவ. அப்புறம் பொழுதன்னிக்கும்... நா யாரோட பேசுறது?"

...

கூட்டக் குறிப்பு எழுதும் லதுஷா அவர்களே, ஏழு என்பதை வெட்டிவிட்டு எட்டு என்று எழுதுங்கள். எண்ணியவர் அவர்.

ஜீவராணி இன்னும் நிற்கிறார். என்னம்மா? "வீட்டுக்கு வாங்க சார், பேசிக்குவோம்" என்கிறார். அது அழைப்பா, எச்சரிக்கையா என்று எனக்கு விளங்கவில்லை. எதுவாயினும் போவேன்.

குற்றவாளிக்கும் ஒலிவாங்கி கொடுத்த தலைவி அவர்களுக்கும், மழைக் குளிரில் இருந்து கேட்ட தாய்மார்களுக்கும், எட்டு நிமிடத்தை இரண்டு மாதம் தன்னோடு வைத்திருந்த பொன்னையா ஐயாவுக்கும் நன்றி கூறி, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கி, மேடையை விட்டு இறங்குகிறேன். வணக்கம்.