கொக்கி மாட்டும் சத்தம்

மேலே: ...ரம்பத்த உறையில போட்டுட்டேங்க.

கீழே: நான் இன்னும் சொல்லவே இல்லையே.

மேலே: சொன்னாத்தான் கேப்பேனா?

கீழே: கல்யாணமாகி பதினோரு வருஷம்... சொல்லியே கேட்டதில்ல.

மேலே: பொண்டாட்டி மூணு மாடி உயரத்துல நின்னு கிளை வெட்டுறா. இப்பவா குறை சொல்லணும்?

கீழே: சரி, சரி. இடுப்புப் பட்டை எங்க?

மேலே: தொங்குது. கிளையத் தாண்டுறப்ப கழட்டினேன்.

கீழே: மரத்தச் சுத்தி மாட்டு.

மேலே: அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். மேல் கிளை வழியா நீங்க பிடிச்சிருக்கிற கயித்த இழுக்காதீங்க.

கீழே: யாரு இழுத்தா?

மேலே: இன்னும் ஒரு முழம் தளர்த்துங்க.

கீழே: தளர்த்தியாச்சு. நீ கயித்துல சாயாத.

மேலே: சாயல. கால் கிளை மேலதான் இருக்கு.

கீழே: ரெண்டு காலுமா?

மேலே: மூணாவது இருந்தா அதையும் வச்சிருப்பேன்.

கீழே: சிரிக்காத. குலுங்குது.

மேலே: எது குலுங்குது?

கீழே: ...கிளை.

மேலே: ம்.

கீழே: நிமிர்ந்து பாக்காத. மரத்தூள் கொட்டுது, கண்ணுல விழும்.

மேலே: பாக்கல. குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

கீழே: வெயில்.

மேலே: நிழல்லதான நிக்கிறீங்க?

கீழே: பட்டைய மாட்டு முதல்ல.

மேலே: சுத்தி வர மாட்டேங்குதே. மரம் உங்கம்மா இடுப்பு மாதிரி...

கீழே: எங்கம்மா உனக்கு என்ன பண்ணாங்க?

மேலே: கோபம் வருதான்னு பாத்தேன்.

கீழே: வரல.

மேலே: வரணுமே... உடம்புக்கு முடியலையா?

கீழே: இன்னொரு தடவ வீசு. அவசரமே இல்ல. மெதுவா.

மேலே: ...

கீழே: ஏய்.

மேலே: ...

கீழே: பேசுடி!

மேலே: பட்டையப் பல்லுல கடிச்சுக்கிட்டு எப்படிங்க பேசுறது?

கீழே: வந்துடுச்சா?

மேலே: இருங்க... இலை மறைக்குது, உங்களக் காணோம். கயித்துக்கிட்டதான இருக்கீங்க?

கீழே: வேற எங்க இருப்பேன்?

மேலே: ...மாட்டிட்டேன். கொக்கி சத்தம் கேட்டுச்சா?

கீழே: கேக்கல. முழுசா மூடியிருக்கா பாரு.

மேலே: மூடியிருக்கு.

கீழே: இழுத்துப் பாரு.

மேலே: இழுத்துட்டேன்.

கீழே: இன்னொரு தடவ.

மேலே: ஆச்சு. என் பாரம் மொத்தமும் இப்ப பட்டையிலதான் இருக்கு.

கீழே: சரி. இப்ப சொல்றேன், பதறாத. உன் தலைக்கு மேல, கயிறு...

மேலே: அறுந்திருக்கு. என் ரம்பம் பட்டு. ரெண்டு இழைதான் மிச்சம்.

கீழே: தெரியுமா? எப்ப பாத்த?

மேலே: ரம்பம் பட்டப்பவே. சொன்னா நீங்க பதறிப்போய் இழுத்துப் பிடிச்சிருப்பீங்க. அந்த ரெண்டு இழையும் போயிருக்கும். அதான் வாயாடிக்கிட்டே இருந்தேன்.

கீழே: நானும் பாத்தேன். சொன்னா உனக்குக் கால் நடுங்கிடும்னு...

மேலே: நடுங்கலங்க. போய் அந்த இன்னொரு கயித்த எடுத்துட்டு வாங்க.

கீழே: கொஞ்சம் இரு... கால் வர மாட்டேங்குது. கயித்தத் தளர்த்தினதுமே அடிமரத்துல கட்டிட்டேன். உனக்கு நேர் கீழதான் நிக்கிறேன், ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு.