நாடா கட்டிய டீப் பிரீசர்

தலைமைக் கதிரையில் வீற்றிருந்து, எனக்குரிய நேரம் முடிந்தாலும் "இன்னும் பேசு" என்று கண்ணாலேயே கெஞ்சும் எங்கள் கட்டட உரிமையாளர், மதிப்புக்குரிய நஸீம் ஹாஜியார் அவர்களே! தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே புன்னகை புரியும் மானியத் திட்ட இணைப்பாளர் எஸ்ரன் அவர்களே! அலவத்துகொடைப் பெரியோர்களே! புசல்லாவையில் விடியுமுன் பஸ் ஏறி வந்து, முந்தானையால் வெயிலை மறைத்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! மாலையும் குஞ்சமுமாய் அலங்கரிக்கப்பட்டு, இன்னமும் வெறுமையாகவே இருக்கும் பிரதம விருந்தினரின் கதிரையே! அனைவர் மீதும் சாந்தி உண்டாகட்டும், வணக்கம், ஆயுபோவன்!

சிரிக்காதீர்கள். காலையிலிருந்து முறைப்பாடு இல்லாமல் இருப்பது அந்தக் கதிரை ஒன்றுதான்.

நான் றுமைஸா. ஹாஜியாரின் கடைக்கு மேல்மாடியில் நானும் என் தோழி ஜெஸ்மினும் ஒரு சின்னஞ்சிறு கம்பனி நடத்துகிறோம். கம்பனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்காதீர்கள். இரண்டு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி, கீழேயிருந்து ஏறிவரும் கருவாட்டு வாசனை, அவ்வளவுதான். அங்கே இருந்துகொண்டு நாங்கள் தேடுவது என்ன? எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஒரு சின்னப் பரிசோதனைப் பட்டி. ஒரு சொட்டு இரத்தம். ஒரு கோப்பை பிளேன்டீ ஆறுகிற நேரம். ஆம், இல்லை என்று பதில். வயலில் இறங்குகிறவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டுகிறவருக்கும், காய்ச்சல் கண்ட அன்றே பதில்!

இப்படிப்பட்ட வேலைக்கு வங்கி கடன் தருமா? தராது. வியாபாரி முதல் போடுவாரா? நம் ஹாஜியார் வாடகையை உயர்த்தாமல் இருப்பதே பெரிய முதலீடு. ஏனென்றால் ஆரம்ப ஆய்வு என்பது தோற்கக்கூடிய வேலை. பத்து வழியில் போய்ப் பத்திலும் முட்டிக்கொண்டு திரும்புகிற வேலை. அப்படித் தோற்கும்போதும் துணை நிற்க அரசாங்கத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? அதற்குத்தானே மானியம்! அதற்குத்தானே மக்கள் வரிப்பணம்!

ஆனால் அந்த மானியத்துக்காக நாங்கள் ஏறிய நேர்முகத் தேர்வைக் கேளுங்கள். முதல் முறை போனோம். "இதை உலகத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?" என்றார்கள். இல்லை என்றோம். "யாருமே செய்யாததை நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறையும் அதே கேள்வி. இம்முறை ஜெஸ்மின் உஷாராகி, "ஓம், வெளிநாட்டில் முயன்று பார்க்கிறார்கள்" என்றாள். "அவர்கள்தான் செய்கிறார்களே, பிறகு நீங்கள் எதற்கு?" என்றார்கள்! கைதட்டாதீர்கள் பெரியோர்களே, நாங்கள் அழுதுகொண்டு பஸ் ஏறிய கதை இது.

அப்படியும் விடாமல் ஏறினோம். கடைசியில் மானியம் கிடைத்தது. உண்மையாகவே நன்றி சொல்கிறேன், வாயாரச் சொல்கிறேன். அந்த மானியத்தில் வந்ததுதான் இதோ, கடை முன்னறையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் டீப் பிரீசர். மாடிப்படியில் ஏறாததால் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.

அதன் இடுப்பில் என்ன தெரிகிறது? சிவப்பு நாடா! வந்த அன்றே எஸ்ரன் தம்பி மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு, தன் கையாலேயே கட்டினார். "மிஸ், பிரதம விருந்தினர் ஐயா வந்து வெட்டும்வரைக்கும் தொட்டுடாதீங்க. போட்டோ எடுக்கணும்" என்றார். நாமும் தொடவில்லை. நம்முடைய ஊர்களில் திறந்து வைக்காததைத் திறக்கிற வழக்கம் உண்டா? கட்டி முடித்த பாலத்தில் நடக்காமல் ஆற்றில் இறங்கிப் போகிறவர்கள் அல்லவா நாம்!

முதலில் பெரஹரா ஊர்வலம் என்றார்கள், வீதி மூடியிருக்கிறது. பிறகு தேர்தல். பிறகு ஐயா வெளிநாடு. கடைசியில் இன்றைக்கு நாள் குறித்தார்கள். அத்தனை காலமும் இந்தப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லாமல்! வெறும் காற்றை உறைய வைத்துக்கொண்டு! காற்று கெட்டுப்போகாமல் காக்கும் ஒரே ஆய்வுகூடம் உலகத்திலேயே எங்களுடையதுதான்!

அப்போது எங்கள் ஆய்வுக்கு எடுத்த இரத்த மாதிரிகள் எங்கே இருந்தன? ஹாஜியாரின் ஐஸ்கிரீம் பெட்டியில். சொக்லட் ஒரு பக்கம், ஸ்ட்ரோபெரி ஒரு பக்கம், நடுவில் எலிக்காய்ச்சல். தன் வியாபாரத்தையே ஒதுக்கி எங்களுக்கு இடம் தந்த மனிதர் அவர். இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் போனில் கோல் எடுத்தார். "மகள், ஓடி வா! பெட்டி நின்டு போய்ச்சு. ஐஸ்கிரீம் எல்லாம் பாயாசமா ஈக்கி!"

ஓடினோம். மீன் கடையில் ஐஸ் வாங்கி, மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் எல்லாக் குப்பிகளையும் அடுக்கினோம். மேடைக்குக் கீழே ஜெஸ்மின் மடியில் வைத்திருக்கிறாளே, சாப்பாட்டுப் பெட்டி என்று நினைத்தீர்களா? அதுதான் அது. ஜெஸ்மின், ஐஸ் எப்படி? ... பாதி தண்ணீரா? கேட்டுக்கொண்டீர்களா ஹாஜியார்?

எஸ்ரன் தம்பி என்ன சொல்கிறார்? ஐயா கடுகண்ணாவையைத் தாண்டவில்லையாம். வழியில் ஒரு கல்யாண வீடாம். "மிஸ், இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசுங்க" என்கிறார். தம்பி, பேச்சை நான் இழுப்பேன். நாளை காலை வரைக்கும் இழுப்பேன். ஐஸை யார் இழுப்பது?

அன்பானவர்களே, அந்தப் பெட்டியில் இருப்பது என்ன தெரியுமா? காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களில் எடுத்த இரத்தம். அது கிடைப்பதற்கு அரியது. நம்மவர்கள் பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது சிறுநீரகம் போய்விட்டிருக்கும். முதல் நாள் இரத்தத்தில் நோய் எப்படி இருக்கும் என்று தெரியாமல், முதல் நாளே காட்டும் பட்டியை எப்படிச் செய்வது? இது கரைந்து கெட்டால் மறுபடி எடுக்கலாமா? யாரிடம் எடுப்பது?

முன்வரிசையில் மதலேனா அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் கிறகரி அண்ணன் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். நாங்கள் தோட்டத்தில் நடத்திய முகாமுக்குக் காய்ச்சலும் தலையிடியும் என்று வந்தார். கையை நீட்டினார். "நல்லா எடுங்க மிஸ், எங்க ஆளுகளுக்கு ஒதவட்டும்" என்றார். நாங்கள் வற்புறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே எடுத்த இரத்தம் சோதனைக்கு வெளியூர் போனது. எலிக்காய்ச்சல் என்று முடிவு வரும்போது வீட்டில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மதலேனா அக்கா அந்த ரிப்போட்டோடு எங்களிடம் வந்தார். "மிஸ், ஆளு போய்ட்டாரு, இப்ப ரிப்போட் வந்திருக்கு. இத வச்சி நான் என்ன செய்ய?" என்றார்.

கிறகரி அண்ணன் மனதாரத் தந்த குப்பி அந்தப் பெட்டியில் இருக்கிறது. ஒரு நாடாவுக்காக அது தண்ணீராய்ப் போகட்டும் என்று இந்த மேடையில் நின்று நான் அலங்காரத் தமிழ் பேசிக்கொண்டிருப்பதா? விழாவுக்காகவா மானியம்? புகைப்படத்துக்காகவா பெட்டி? உயிருக்காக வந்த பொருள் ஒருவருடைய கத்தரிக்கோலுக்காகக் காத்திருப்பதா? வெட்கமாக இருக்கிறது எனக்கு! கோபமாக இருக்கிறது!

மதலேனா அக்கா, எழும்பி வாங்க. ஓம், உங்களைத்தான். தட்டிலே கத்தரிக்கோல் இருக்கு, எடுங்க. எஸ்ரன் தம்பி, தடுக்காதீர்கள்... என்ன? "நான் தடுக்கல்ல மிஸ், கதவத் தொறந்து புடிக்கத்தான் வாறேன்" என்கிறார்! அல்லாஹ் உங்களுக்கு நல்லருள் புரியட்டும் தம்பி! நாளைக்கு யாராவது விளக்கம் கேட்டால், றுமைஸா வெட்டச் சொன்னாள் என்று சொல்லுங்கள்.

வெட்டுங்க அக்கா.

விழுந்தது நாடா! ஜெஸ்மின், பெட்டியைத் திற. கிறகரி அண்ணனுடைய குப்பியை அக்காவின் கையில் கொடு. முதலில் அது உள்ளே போகட்டும்.

காத்திருந்த தாய்மார்களுக்கு நன்றி. ஐஸ்கிரீமை இழந்த ஹாஜியாருக்கு நன்றி. தம்பி, ஐயாவிடம் சொல்லுங்கள்: கல்யாண வீட்டில் ஆறுதலாகச் சாப்பிட்டு வரட்டும், கதிரை காத்திருக்கும், அது கரையாது. எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம். கதவை இறுக்கிச் சாத்துங்க அக்கா!