பழையது இடக்கையில், புதியது வலக்கையில்

கைக்கடிகாரம் வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு, கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுவதுதான். கையில் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் தூக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். அப்போதுதான் அது நமக்கானதா இல்லையா என்று தெரியும். இதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று உங்களுக்குத் தோன்றும், ஐயா. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் வெறிபிடித்தவன் என்று எழுதிவிடுவீர்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

நான் நீச்சல் பயிற்சியாளன். பத்தொன்பது வருடமாக ஒரே குளம். நொடியை நம்பித்தான் என் பிழைப்பு. ஒருவன் குளத்தை ஒரு சுற்று நீந்தி வந்தால் நேரத்தைப் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன், அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவேன். எழுதாமல் பூஜ்ஜியமாக்கினால் அவன் நீந்தியதே பொய்யாகிவிடும். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

என் மாமனார் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முதல் வேலையில் சேர்ந்தபோது ஒரு க்ரோனோகிராஃப் வாங்கினார். நொடிகளை நிறுத்தி அளக்க இரண்டு பொத்தான்கள் வைத்த உயர்தரக் கடிகாரம். ஓய்வு பெற்றபோது அதே கம்பெனி, அதே மாடல், புதிய வடிவம் ஒன்றையும் வாங்கினார். போய்ச்சேரும் முன்பு எங்களை அழைத்து, "மாப்பிள்ளை முதல்ல ஒண்ணு எடுத்துக்கட்டும். மிச்சம் எம்பையனுக்கு" என்றார். பையன் என்றால் என் மனைவியின் தம்பி. பெற்ற மகனை உட்காரவைத்துக்கொண்டு மருமகனை முதலில் எடுக்கச் சொன்னார். அந்த மரியாதையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எடுப்பது சுலபமாக இல்லை. பழையதற்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். கண்ணாடி பிளாஸ்டிக், லேசில் கீறும். தண்ணீர் ஆகவே ஆகாது. தண்ணீருக்குள் பொத்தானை அமுக்கினால் அவ்வளவுதான், உள்ளே புகுந்துவிடும். ஆனால் அதன் டயல் நாற்பது வருட வெயிலில் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. அதை எந்தத் தொழிற்சாலையாலும் செய்துகொடுக்க முடியாது. அதன் உலோக உடம்பின் ஓரங்கள் கத்திபோல் கூர்மையாக நின்றன. புதியதில் எல்லாம் சௌகரியம். கையை ஆட்டினாலே ஓடும், கண்ணாடி கீறாது, பொத்தான்களைத் திருகிப் பூட்டிக்கொண்டு குளத்தில் குதிக்கலாம். ஆனால் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் பளபளப்பு. எல்லாரிடமும் சிரிக்கிற விற்பனைக்காரரைப் போல.

நாற்பது நாள் யோசித்தேன். என் வேலை தண்ணீரில். ஆகவே புதியதை எடுத்தேன். யாராயிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

பழையது மைத்துனன் கைக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அவன் தண்ணீர் டம்ளரை எடுத்தான். அந்தக் கையில் அது இருந்தது. இத்தனைக்கும் அவன் சாவி கொடுக்கவே மறந்திருந்தான், மணி ஏழிலேயே நின்றிருந்தது. தட்டை ஒதுக்கினேன். பார்ப்பதற்காக அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, விட்டபோது நான்கு விரல் தடமும் வெள்ளையாக விழுந்து பிறகு சிவந்தது. "என்ன மாமா, உடும்புப் பிடியா இருக்கு" என்று சிரித்தான். அவன் எதற்கும் சிரிக்கிறவன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள், "உங்களுக்கு எது வேணும்னு உங்களுக்கே தெரியாதுங்க. அடுத்தவங்க கையில இருக்கிறதுதான் வேணும். என் தம்பி புதுசை எடுத்திருந்தா நீங்க அதுக்கு அழுதிருப்பீங்க."

பதினாறு வருடம் கூட வாழ்ந்தவள் இப்படியா பேசுவது? என் கையிலிருந்த தட்டு அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் உடைந்தது. அவள் மேல் படவில்லை. படக்கூடாது என்று நினைத்தேன், படவில்லை. நான் குறி தவறுகிறவன் இல்லை. அவளும் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு மைத்துனனிடம் நேராகவே கேட்டேன், மாற்றிக்கொள்ளலாமா என்று.

"இதுக்கா மாமா ஆறு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? கேட்டிருந்தா அன்னைக்கே கழட்டிக் குடுத்திருப்பேனே. ரெண்டு வாரம் மட்டும் டைம் குடுங்க."

எதற்கு இரண்டு வாரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் பக்கத்துத் தவறு அது ஒன்றுதான்.

போன புதன்கிழமை காலை, புதுப் பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அப்போதே கழற்றிக் கொடுத்த புதியதை அவன் வாங்கவில்லை. "ரெண்டும் இன்னைக்கு ஒரு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா, ஆசை தீரக் கட்டிப் பாருங்க. சாயங்காலம் வாங்கிக்கறேன்" என்றான். அவன் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழையது இல்லை. கூர்மையாக இருந்த ஓரங்களையெல்லாம் தேய்த்து, சோப்புக்கட்டிபோல் வழவழப்பாக்கியிருந்தார்கள். டயல் புதிது, வெள்ளை வெளேரென்று. முட்கள் புதிது. எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ரிப்பேருக்குக் கொடுத்துப் புதுப்பித்திருக்கிறான். பழைய கடிகாரத்தைப் பற்றி ஒரு எழுத்துகூடத் தெரியாதவன்தான் அதைச் செய்வான். நாற்பது வருடத்தை இரண்டே வாரத்தில் வழித்து எறிந்துவிட்டான். எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. உள்ளே ஏதோ அடங்கிப்போனது போலத்தான் இருந்தது.

பெட்டியில் ரிப்பேர் கடையின் அட்டை இருந்தது. நேராக அங்கே போனேன். கடைக்காரர் எப்போதும் ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பார், அதனால் லென்ஸ்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். பாலிஷ் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"பிறந்த குழந்தை மாதிரி ஆக்கிட்டேன் பாத்தீங்களா?"

"பழைய டயல் எங்கே?"

"அதெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டாச்சுங்க. ஒரே மஞ்சள். எங்க மாமா அசந்துபோகணும்னு உங்க மச்சான் ஒத்தக்கால்ல நின்னாரு."

எந்தக் கையால் பாலிஷ் போட்டீர்கள் என்று கேட்டேன். வலது கையை நீட்டினார். மேசையோரத்தில் பொருள்களை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் ஒன்று இருந்தது. அந்தக் கையை அதன் வாயில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். முதல் சுற்றில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். இரண்டாவது சுற்றில் பென்சில் முறிகிறது போல ஒரு சத்தம் கேட்டது, லென்ஸ் கண்ணிலிருந்து கழன்று விழுந்தது. மூன்றாவது சுற்றில் வைஸின் வாயோரமாக ரத்தம் வழிந்து மேசை விரிப்பில் பரவியது. சக்கரத்தின் இரைச்சலில் அவர் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்காது. நான்காவது சுற்று நான் சுற்றவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது கையால் கைப்பிடியைத் திருப்பி விடுவித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

புதன்கிழமை மதியம் குளத்துக்கு மருந்து போடுகிற நாள். யாரும் வரமாட்டார்கள். மைத்துனன் அந்த நாளில்தான் என்னிடம் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளைகள் முன்னால் கற்றுக்கொள்ள அவனுக்கு வெட்கம். தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். நெஞ்சளவு ஆழத்தில் நின்றுகொண்டே படிக்கட்டுக் கம்பியைப் பிடித்திருப்பான்.

நான் திட்டமிட்டு வந்தேன் என்கிறீர்கள். அப்படியில்லை. உடை மாற்றும்போது இரண்டு கடிகாரங்களையும் கட்டிக்கொண்டேன், பழையதை இடக்கையில், புதியதை வலக்கையில். புதியதன் பொத்தான்கள் பூட்டியிருந்தால் தண்ணீருக்குள் அமுக்க முடியாது. ஆகவே அவற்றைத் திருகித் திறந்துவைத்தேன். அது திட்டம் ஆகாது. முன்யோசனை, அவ்வளவுதான்.

"என்ன மாமா, ரெண்டு கையிலயும் கட்டியிருக்கீங்க? ஏதாவது டெஸ்டா?"

"ஆமா மச்சான்."

"பழசுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொல்வீங்களே?"

"அதான் நீ புதுசாக்கிட்டியே."

சிரித்தான். மல்லாந்து மிதக்கச் சொன்னேன். பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். "கையை மட்டும் விட்டுடாதீங்க மாமா" என்றான். விடமாட்டேன் என்றேன். விடவில்லை.

மூழ்குகிறவரைக் காப்பாற்ற எங்களுக்கு ஒரு பிடி சொல்லிக்கொடுப்பார்கள். பின்னாலிருந்து அவர் நெஞ்சின் குறுக்கே இரு கைகளையும் கொண்டுபோய், நம்முடைய ஒவ்வொரு கையாலும் மறு கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பற்றினால் விரல்கள் சரியாகப் பொத்தான்களின் மேல் வந்து உட்காருகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினேன். பிறகு முழங்காலை மடக்கி அவனைக் கீழே கொண்டுபோனேன்.

முதல் நிமிடம் அவன் உடம்பு முழுவதும் சண்டை போட்டது. குதிகாலால் என் முழங்காலை உதைத்தான், பின்மண்டையால் என் உதட்டைக் கிழித்தான். இதோ, தையல் போட்டிருக்கிறார்கள். என் முன்கையில் அவன் நகம் இறங்கிய இடத்தில் ரத்தம் புகைபோலத் தண்ணீரில் பரவியது. நான் அவ்வப்போது தலையைத் தூக்கி மூச்சுவிட்டுக்கொண்டேன். இரண்டாவது நிமிடத்தில் அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். சுண்டுவிரலை ஒடித்தும்விட்டான். அவ்வளவு பலம் அவனுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. பிறகு அவன் கை என் கையின் மேல் சும்மா கிடந்தது. முட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவசரப்பட்டு நிறுத்தினால் ஒப்பிட்டுப் பார்த்ததற்குப் பொருளில்லை, ஆகவே காத்திருந்தேன். உள்ளே எந்தத் துடிப்பும் இல்லை என்று உறுதியான பிறகு இரண்டு பொத்தான்களையும் தண்ணீருக்குள்ளேயே அமுக்கினேன்.

நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. இரண்டும் ஒரே அளவு. பழையதற்குள் தண்ணீர் போய்க் கண்ணாடி மங்கியிருந்தது. புதியதிலும் ஒரு துளி புகுந்திருந்தது.

அவனைக் கரையில் ஏற்றி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். மனைவிக்குப் போன் செய்து, தம்பி வழுக்கி விழுந்துவிட்டான், நான் உடை மாற்றும் அறையில் இருந்தேன் என்றேன். அவள் வந்து சேரும்வரை கை சும்மா இருக்கவில்லை. மேசையில் இருந்த நோட்டைத் திறந்து, தேதி, அவன் பெயர், நேரம் நான்கு பன்னிரண்டு என்று எழுதினேன். நீச்சல் வகை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். பத்தொன்பது வருடப் பழக்கம், ஐயா. உங்கள் ஆட்கள் முதலில் பார்த்ததே அந்த நோட்டைத்தான் என்று கேள்விப்பட்டேன்.

என் மனைவி அழவில்லை. தம்பியைப் பார்த்தாள், என் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஓடாமல் நிற்கிற முட்களைப் பார்த்தாள். "இப்ப ரெண்டும் உங்ககிட்டயே இருக்கு. போதுமா?" என்றாள். என்னைப் புரிந்துகொள்கிற மனநிலையில் அவள் இல்லை.

ஆம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆசைக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நல்ல பொருளை மதிக்கத் தெரியாதவன் கையில் அது பட்ட பாட்டுக்காகச் செய்தேன். அதோ, இரண்டும் உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன. காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விசித்திரம்தான், இரண்டுமே எனக்கு வேண்டாம் போலிருக்கிறது.

நீங்கள் அடிக்கடி மணி பார்க்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது என்ன மாடல் என்று இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை, ஐயா. நல்ல கடிகாரமாகத்தான் இருக்கும். கொஞ்சம் கழற்றிக் கொடுங்களேன், கட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.