தையல் ஆறட்டும்

மறுபடியும் கையக் காட்டாதீங்க. கஞ்சி கெடையாது, தண்ணியும் கெடையாது. தொடையில ஊசி குத்தி உப்புத்தண்ணி எறக்குறாங்கல்ல, அது போதும்.

என்ன மொறைக்கிறீங்க? உங்கம்மா மங்குக் கிண்ணத்துல ஊத்தி முந்தானைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்த கஞ்சிய ஜன்னல் வழியா ஊத்திட்டேன்னா? புள்ள பட்டினியா கெடக்குதேன்னு கொண்டாந்துச்சு, பாவம். புடுங்குனதுல அதுக்குக் கை சுளுக்கிக்கிச்சு. சுளுக்கட்டும். கட்டுன புருசனுக்குச் சோறு குடுக்காத முண்டைன்னு வார்டே என்னையத் திட்டுது. திட்டட்டும்.

கட்டுப் போடுற டிரெசர் கனகசுந்தரம் ஐயா சொன்னப்ப நீங்க மயக்கத்துல கெடந்தீங்க. இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்காம். சோத்தக் கரைக்கிற நீரு அதுலதான் ஊறுதாம். கத்தி அத ரெண்டாக்கிடுச்சு. வெள்ளக்கார டாக்டரு சின்னக்குடல்ல ஓட்ட போட்டு, அறுந்த துண்ட அதுக்குள்ள சொருகி, சுத்தித் தைச்சிருக்காரு. ஒரு வாய் முழுங்குனீங்க, அந்த நீரு பொங்கும், தையல் விட்டுரும். அப்புறம் உங்க சதையையே சோறுன்னு கரைச்சிரும். வயித்துல சொருகியிருக்குற குழாயச் சுத்தித் தோலு வெந்து கெடக்கு பாருங்க, அது கொஞ்சம் கசிஞ்சதுக்கே.

எரியுதா? எரியட்டும். முனியாண்டி பூசையன்னிக்கு, கள்ளுக்கடைக்குப் போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னேன். தோட்டத்து லயத்து வீட்டுச் சனம் பூரா பாக்க என் வயித்துல ஏறி மிதிச்சீங்க. அஞ்சு மாசப் புள்ள, ரத்தமா வழிஞ்சு போச்சு. அத எந்த டாக்டரும் தைக்கல. அங்க கெடா உரிச்சுக்கிட்டிருந்த என் தம்பி செல்லப்பன் அதே கத்தியோட ஓடியாந்தான். குத்தித் திருகுனான். நான் தடுக்கல.

அப்புறம் எதுக்கு லாபிஸ்லேருந்து ரயில்ல, உங்க வயித்தச் சாரத்தால இறுக்கிக் கட்டி ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டே வந்தேன்னு பாக்குறீங்களா? எனக்கும் ரத்தம் வழிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. எதிர்ல இருந்த சீனக் கெழவி பயந்துபோயி வேற பெட்டிக்கு ஓடிருச்சு.

பாசம்னு நெனச்சுக்கிட்டீங்களோ?

வாயத் தொறங்க, ஈரத்துணியால உதட்ட நனைக்கிறேன். உறிஞ்சுனா அறைவேன்.

இன்ஸ்பெக்டரக் கேட்டேன். நீங்க செத்தா கொலக்கேசாம், தம்பியத் தூக்குல போட்டுருவாங்களாம். நீங்க பொழைச்சா ஜெயிலோட போயிருமாம். அதனால மூச்ச விட்டுக்கிட்டுக் கெடங்க. தையல் ஆறட்டும், தீர்ப்பு வரட்டும். அதுக்கப்புறம் கஞ்சி கேளுங்க, நானே காச்சி ஊட்டுறேன்.