எனக்குக் கருமாதி செய்யாத சித்தப்பா

டமார்! காது அடைக்கிறது. தேயிலைச் செடிக்குள் பாய்கிறேன். வாயெல்லாம் மண்.

“படுங்க! எல்லாரும் படுங்க!”

யாரும் படுக்கவில்லை. பாடை தூக்கியவர்கள் அப்படியே நிற்கிறார்கள். சங்கு நின்றுவிட்டது.

“எலேய், வேட்டுலே! எந்திரி!” பெரியப்பாவின் குரல்.

வேட்டுதான். சித்தப்பாவின் பாடைக்கு முன்னால் போட்டது. எழுபத்து நான்காம் வருஷம். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட். சண்டை முடிந்து இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. என் உடம்புக்கு இன்னும் முடியவில்லை. எழுந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் முடியும் முனை. பெண்கள் இங்கேயே திரும்பிவிட வேண்டும். சித்தப்பாவுக்குப் பிள்ளை இல்லை. கொள்ளி நான்தான் வைக்க வேண்டும். ஆனால் நெருப்புச் சட்டி பெரியப்பா கையில். காலையிலிருந்து கேட்கிறேன். தர மாட்டேன் என்கிறார்.

“ஒனக்குக் கருமாதி முடிச்சாச்சுலே. செத்தவன் கொள்ளி வைக்கப்படாது.”

எழுபத்தொன்று டிசம்பர், பாகிஸ்தான் சண்டை. நான் பட்டாளத்தில் இருந்தேன். மேற்கு எல்லை. பதுங்குகுழி. முதலில் சீழ்க்கை. பிறகு வெடி. பிறகு எதுவும் கேட்கவில்லை. கண் விழித்தபோது எதிரியின் ஆஸ்பத்திரி. ஊருக்குத் தந்தி போயிருக்கிறது, ஆளைக் காணவில்லை என்று. எங்கள் லயத்தில் ஆளைக் காணவில்லை என்றால் யானை மிதித்திருக்கும், இல்லை ஆறு கொண்டுபோயிருக்கும். திரும்பி வந்தவர் கிடையாது. என் பழைய சட்டையைப் பாடையில் கிடத்தி எரித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் கைதிகளை விட்டார்கள். வந்தேன். சுவரில் என் படம், காய்ந்த மாலையோடு. இருந்தவரை உருப்படாத பயல். செத்ததும் தங்கமான பிள்ளையாம்! லயமே சொல்லிச் சொல்லி அழுததாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தத் தங்கமான பிள்ளை யாரென்று எனக்கே தெரியவில்லை.

சித்தப்பா மட்டும் அந்தக் காரியத்துக்கு வரவில்லை. மொட்டை போடவில்லை. பொணம் எங்கலே என்று கேட்டாராம். பைத்தியம் என்று சிரித்திருக்கிறார்கள்.

இப்போது சித்தி முன்னால் வருகிறாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது.

“ஒங்களுக்குத்தான் அவன் செத்தவன். அவுக அவனுக்கு மொட்டை போட்டாகளா? தலை முழுகினாகளா? சட்டிய அவங்கிட்ட குடுங்க மச்சான்! குடுக்காம பாடை நகராது.”

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டியை மட்டும் நீட்டினார். வாங்கினேன். உடனே ஒரு வேட்டு. கீழே போடவில்லை. சுடுகாடு வரை மறுபடி மறுபடி வேட்டு. ஒவ்வொன்றுக்கும் உடம்பு பதறியது. படுக்கவில்லை. நடந்தேன்.

கொள்ளி வைத்தேன்.

போனவர்களைச் சொல்கிறேன். பதுங்குகுழியில் என்னோடு இருந்த மூவர். அன்றோடு கேட்காமல் போன என் இடது காது. அம்மா. என் சட்டை எரிந்த அன்றோடு அவள் சோற்றைத் தொடவில்லை. நான் வந்தபோது அவள் படமும் என் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கடைசியாகச் சித்தப்பா. நான் வருவேன் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான்.