இடது பக்கத்து வைப்பர்

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. பத்தமடையைத் தாண்டி, தருவைக்கு முந்தி, வயலும் வாழையும் தவிர எதுவும் இல்லாத ரோடு. ஐப்பசி மழை... கொட்டுகிறது என்றால் அப்படிக் கொட்டுகிறது. அங்கேதான் சிவசைலத்தின் காரில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோனது.

இந்தச் சிவசைலம் என் கூட்டாளி குமரகுருபரனின் தங்கை புருஷன். சேரன்மகாதேவியில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். குமரகுருபரனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், கார் எலெக்ட்ரீஷியன். மழை விடாமல், கரண்ட் வராமல் இந்த டீக்கடையை விட்டு டிரைவர்கள் நாம் யாரும் போகப்போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன். காஜா முகைதீன், அந்த டார்ச்சை அணையும். பேட்டரியாவது மிஞ்சட்டும்.

"வைப்பர் நிக்கதெல்லாம் ஒரு கதையா வே?" என்று கேட்கிறார் காஜா.

உம் வண்டியில் ரப்பர் காய்ந்து வெடித்து, கண்ணாடியில் கோடு கோடாக விழுகிறது. நீர் பேசக் கூடாது. சிவசைலம் அப்படிப்பட்டவர் இல்லை. வெயிலில் வண்டியை நிறுத்தினால் வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் போவார். மழைக்காலத்துக்கு முன்னால் ரப்பரை மாற்றிவிடுவார். அவருக்குப் போய் இது வந்ததே என்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அதற்கு மறு வருஷம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி அது. எல்லாம் நன்றாக இருந்தது. வைப்பர் மட்டும் மழையில் நின்றுவிடும். ஷெட்டில் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தால் ஓடும். ரோட்டில், ராத்திரி மழையில்... நிற்கும். குமரகுருபரன் ஃபியூஸைப் பார்த்தான், சரியாக இருந்தது. நட்டு தளர்ந்திருந்தால் மோட்டார் மட்டும் சுற்றும், கம்பி ஆடாது. நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. மோட்டாரைப் பிரித்து கிரீஸ் வைத்தான். கடைசியில், இரண்டு வைப்பரையும் சேர்த்து ஆட்டுகிற உள்கம்பியைக் கழற்றி வெளியே எடுத்தான்.

இடது பக்கம் வளைந்திருந்தது. யாரோ அந்த வைப்பரைப் பிடித்துத் தொங்கியதுபோல.

சிவசைலம் டீ வாங்கப் போயிருந்தார். குமரகுருபரன் வண்டியை விற்றவருக்குப் போன் போட்டான்.

"வெள்ளத்தன்னைக்கு இந்த வண்டிக்கு என்ன ஆச்சு அண்ணாச்சி?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தண்ணி ரோட்டுக்கு மேல போவுது தம்பி. ஒரு பிள்ளை தண்ணியோட அடிச்சிக்கிட்டு வந்து வைப்பரைப் பிடிச்சிக்கிட்டுது. பத்து வயசு இருக்கும். கண்ணாடிய மறைச்சிட்டுது. எனக்கு ரோடு தெரியல. வைப்பரைப் போட்டேன்."

"பொறவு?"

"கைய விட்டுட்டுது."

போன் வைக்கப்பட்டது.

இதைக் குமரகுருபரன் யாரிடமும் சொல்லவில்லை. தங்கை பிரேமலதாவுக்கு அப்போது எட்டாம் மாசம். அவர்கள் வீட்டில், தெருவில் ஒரு சாவு விழுந்தால்கூட வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் போடமாட்டார்கள். சிவசைலத்திடம் சொன்னால் அன்றைக்கே அவளிடம் போய்விடும், அவர் வாயில் எதுவும் நிற்காது. அதனால் புதுக் கம்பி போட்டு, "இனிமே நிக்காது அத்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

பத்தாம் நாள் ராத்திரி அவளுக்கு ரத்தப்போக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கத் தைரியமில்லை. அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார் சிவசைலம். வீட்டில் வேறு ஆள் இல்லை. வண்டியில் இரண்டே பேர்.

தருவைக்கு முந்தி வைப்பர் நின்றது. மோட்டார் மட்டும் ம்ம்ம்... என்று முனகியது. சுருள் கருகுகிற வாடை. அதோடு இன்னொரு வாடையும்... ஆற்றுச் சகதி.

போனில் லைட்டைப் போட்டு, வாயில் கவ்விக்கொண்டு இறங்கினார். ஒரு விரலால் தூக்கினால் எழும்புகிற சாமான் அது. இடது வைப்பர் எழும்பவே இல்லை. மடியிலிருந்த புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தார். நாம் எல்லோரும் செய்கிறதுதான், தண்ணீர் வழுக்கிப் போகும். அந்த மழைக்கு அது பற்றவில்லை. ஓட்டினால் கால்வாயில்தான் இறங்க வேண்டும்.

"என்னங்க... சீக்கிரம்" என்றாள் உள்ளே இருந்து. சீட்டில் ரத்தம் வழிந்து மிதியடிவரை வந்திருந்தது.

ஸ்பேனரை எடுத்தார். இடது வைப்பரைக் கழற்றிவிட்டால் வலது ஓடும், ஓட்டுகிறவனுக்கு அது போதும். சரியான யோசனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நட்டு வந்துவிட்டது. வைப்பரை இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்தும் லேசாக ஒரு இழுப்பு இருந்தது. அவருக்கு நேரமில்லை. பலத்தையெல்லாம் கூட்டிப் பிடுங்கி, கால்வாயில் வீசினார்.

சரக்... சரக்... வலது வைப்பர் ஓடியது. வண்டியை எடுத்தார்.

ஒரு பர்லாங்கு போயிருக்காது. அதுவரை முனகிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"பின்னால யாரை ஏத்துனீங்க?"

"யாரையும் ஏத்தலையே லதா."

"என் கையைப் பிடிச்சிருக்கு... சின்னக் கை. சில்லுனு இருக்கு."

சிவசைலம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் தெரிகிற கண்ணாடியையும் பார்க்கவில்லை. "கைய உதறு" என்று மட்டும் சொன்னார்.

"வேண்டாம். பாவம், பயந்துபோய் பிடிச்சிருக்கு."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். மூன்று மணிக்கு ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளையை எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள். விடியக்காலம் குமரகுருபரன் ஓடிவந்தான். தங்கையின் இடது மணிக்கட்டில் நாலு சின்ன விரல்களின் நீலத் தடம், நகக்கண்ணில் ஆற்றுமணல். பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னது அப்போதுதான். "முன்னாலயே சொல்லியிருந்தா அத்தான் அதைக் கழத்தியிருக்க மாட்டாரு லே. எங்கனயாவது ஓரமா நிப்பாட்டியிருப்பாரு" என்றான். நிப்பாட்டியிருந்தால் தாயும் பிள்ளையும் என்ன ஆகியிருப்பார்கள்? அதை நான் கேட்கவில்லை.

வண்டியை விற்றாயிற்று. கயிறு கட்டினார்கள், மந்திரித்தார்கள், பாபநாசம் போய்க் குளித்துவந்தார்கள். வெயில் நாளில் அவள் நம் வீட்டுப் பெண்களைப் போலத்தான் இருக்கிறாள், சிரிக்கிறாள், பேசுகிறாள்.

மழை ராத்திரியில் கட்டில் ஓரமாகப் படுப்பாள். இடது கை கீழே தொங்கும், விரல்கள் மூடியிருக்கும். விடிந்து பார்த்தால் அந்த இடத்தில் தரை ஈரமாக இருக்கும். கூரை ஒழுகுகிற வீடு இல்லை அது, தளம் போட்ட காரை வீடு. ஒருநாள் சிவசைலம் பொறுக்கமாட்டாமல் அந்தக் கையை மேலே தூக்கப் போனார். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"இழுக்காதீங்க. நான் விட்டா அது ஆத்தோட போயிரும்."

அதற்குப் பிறகு அவர் தொடுவதில்லை. மழை பெய்கிற ராத்திரியில் பிள்ளை பாலுக்கு அழுதால், அவர்தான் எடுத்து அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். அவளுடைய ஒரு கை கட்டிலுக்குக் கீழே வேலையாக இருக்கிறது.